மைனஸ் எண்பதில் லாசர்

லாசர் இறந்ததிலிருந்து இரண்டு இடங்களில் இருந்தார். பெரும்பகுதி சிவ்ரி கல்லறைத் தோட்டத்தில். மிச்சம், ஒரு நெல்லிக்காய் அளவு, செம்பூரில்.

அதனால் கல்லறைத் திருநாள் வந்தால் சகாயராணிக்கு இரட்டை அலைச்சல். நவம்பர் இரண்டாம் தேதி தாராவி தொண்ணூறடி ரோட்டு இட்லிக் கடையை எட்டரைக்கே மூடிவிட்டு, சிவ்ரிக்குப் போய்ப் புல் பிடுங்கி, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, அந்த வருடத்து வீட்டு விஷயங்களைப் புருஷனிடம் சொல்லி முடிப்பாள். பிறகு ஹார்பர் லைன் ரயிலில் ஏறி செம்பூரில் இறங்குவாள். பையில் இன்னொரு மெழுகுவர்த்தி இருக்கும். அதை ஏற்ற விடமாட்டார்கள் என்று தெரியும். இருந்தாலும் வெறுங்கையோடு போய்ப் புருஷன் முன்னால் நிற்பது எப்படி?

லாசர் தோல்பைப் பட்டறையில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். கண்ணாலேயே அளந்து ஒரே வெட்டில் முடிப்பார். நான்கு வருடத்துக்கு முன் ஒருநாள் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்குப் பேரு என்னளா?" என்று கேட்டார். அவர் கேலி செய்கிறார் என்று நினைத்துச் சகாயராணி சிரித்தாள். அடுத்த வாரம் இட்லியின் பெயர் போயிற்று, அதற்கடுத்து பிள்ளைகளின் பெயர்கள். ஸ்கேன் எடுத்த டாக்டர் மூளையில் கட்டி என்றார். எல்லாப் பெயரும் போன பிறகு ஒன்று மட்டும் திரும்பி வந்தது. கல்யாணமான புதிதில் அவளை 'ராணி' என்று கூப்பிடுவார். பிள்ளைகள் பிறந்ததும் அதை விட்டுவிட்டார். இருபத்தேழு வருடம் கழித்து, கடைசி இரண்டு மாதமும், தண்ணீர் கேட்டாலும் 'ராணி', வலித்தாலும் 'ராணி'.

அறுவை சிகிச்சையன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ரெபேக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முலுண்டில் வளர்ந்த பெண், செம்பூர் ஆய்வு நிலையத்தில் வேலை. வெட்டி எடுக்கும் கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குத் தர முடியுமா என்று கேட்டு, தமிழில் அச்சடித்த சம்மதப் படிவத்தை நீட்டினாள். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. சகாயராணிதான் அதை அவளுக்கு வாசித்துக் காட்டினாள். நான்கு பிழைகளைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

"இத வச்சு என்னட்டி பாப்பிய?"

ரெபேக்கா தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். உடம்பில் ஆர்.என்.ஏ. என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒரு வகை, புரதம் செய்யச் சொல்லிச் செய்தி கொண்டுபோகும். இன்னொரு வகை எந்தப் புரதத்தையும் செய்யாது. அதை ரொம்ப காலம் வேலையில்லாதது என்று நினைத்தார்கள். உண்மையில் அது சும்மா நின்றுகொண்டே எந்த மரபணு பேச வேண்டும், எது வாயை மூட வேண்டும் என்று கையைக் காட்டுகிறது. மூளைப் புற்றில் அந்தக் கூட்டத்தில் சிலது அளவுக்கு மேல் பெருகிவிடுகிறது. எது, எப்படி என்று தேடுகிறோம்.

"கல்யாண வீட்டுல கரண்டியத் தொடாம, எந்தப் பந்திக்குச் சாம்பார் போவணும்னு கையக் காட்டிட்டு நிப்பானே, அவனா?"

"அவனேதான் ஆன்ட்டி."

"அவனுக்குப் புத்தி மாறுனா பந்தியே கவுந்துரும்" என்றாள் சகாயராணி. ரெபேக்காவின் ஆறு வருட ஆராய்ச்சியில் அதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

அன்றிலிருந்து நிலையத்தின் உறைபெட்டியில் லாசர், மாதிரி எண் அறுபத்தொன்று.

இந்த வருடம் நிலையத்தின் வாசலில் நோட்டுப் புத்தகம் இல்லை. நகுல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். தினமும் கல்யாணிலிருந்து வரும் காவலாளி. சகாயராணியை மூன்று வருடமாகத் தெரியும்.

"எல்லாம் சிஸ்டம் ஆயிடுச்சு ஆன்ட்டி. யாரப் பாக்கணும்?"

"வழக்கம்போலதான். எங்க வீட்டு ஆள."

"எம்ப்ளாயி நம்பர் கேக்குது."

"அறுபத்தொண்ணு."

நகுல் தட்டிப் பார்த்தார். "அது கேன்டீன் சமையல்காரர். ரிட்டயர் ஆயிட்டார்."

"அப்ப ரெபேக்கா பேரப் போடும்."

அதையும் போட்டுப் பார்த்தார். ரெபேக்கா திட்ட ஊழியர். ஒப்பந்தம் வருடா வருடம் புதுப்பிக்கப்படுகிறது. அப்படிப்பட்டவரைத் தேடி யாரும் வரமாட்டார்கள் என்று மென்பொருள் எழுதியவர் முடிவு செய்திருந்தார். வருகையாளர் வகை ஐந்து இருந்தது. பொருள் கொண்டுவருபவர், பழுது பார்ப்பவர், விற்பனையாளர், மாணவர், முதன்மை விருந்தினர். முதல் நான்குக்கும் யாரைப் பார்க்க வந்தார் என்று சொல்லியாக வேண்டும். ஐந்தாவதுக்கு அந்தக் கட்டமே கிடையாது, ஏனென்றால் முதன்மை விருந்தினர் யாரையும் பார்க்க வருவதில்லை. அவரைத்தான் மற்றவர்கள் பார்க்க வேண்டும்.

நகுல் பின்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தார். சகாயராணியின் கையிலிருந்த செவ்வந்திப் பூவைப் பார்த்தார். ஐந்தாவதை அழுத்தினார். அட்டை அச்சாகி வந்தது. அது ஆங்கிலத்தில் இருந்ததால் சகாயராணி வாசிக்கவில்லை. கழுத்தில் மாட்டி முந்தானைக்குள் செருகிக்கொண்டாள்.

"மோம்பத்தி மட்டும் இங்க வச்சிட்டுப் போங்க. ஃபயர் சேஃப்டி."

மெழுகுவர்த்தியை வாங்கிக்கொண்டு அதற்கு ஒரு ரசீது கொடுத்தார்.

இரண்டாம் மாடிக்குப் படியேறித்தான் போக வேண்டும். லிஃப்ட் பொருத்தி நான்கு மாதமாயிற்று, ஆனால் இன்னும் திறந்து வைக்கப்படவில்லை. இந்த நிலையத்தில் ரிப்பன் வெட்டாமல் எதையும் பயன்படுத்தக் கூடாது. முன்பொரு முறை, திறந்து வைக்க வந்த பெரிய மனிதர் புது மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபோது அதில் ஏற்கெனவே யாரோ ஒரு கொசுவைப் பார்த்துக்கொண்டிருந்த தடயம் தெரிந்துவிட்டது. அன்றே சுற்றறிக்கை வந்தது. அதன்பின் தண்ணீர்க் குழாய், ஜெராக்ஸ் மிஷின், இரண்டாம் மாடிக் கழிப்பறை எல்லாம் முறைப்படி திறந்து வைக்கப்பட்டன. கழிப்பறை வாசலில் பளிங்குக் கல் இருக்கிறது. அதில் பெயர் உள்ளவர் இப்போது வெளிநாட்டில் தூதராக இருக்கிறார்.

இரண்டாம் மாடி நடையில் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. சுவரோரம் பழைய உறைபெட்டி ஆஸ்துமாக்காரரைப் போல இழுத்துக்கொண்டிருந்தது. அதன் முன்னால் ரெபேக்கா முக்காலியில் உட்கார்ந்து எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். மைனஸ் எழுபத்தொன்று.

"எண்பதுல இருக்கணுமேட்டி?"

"காலையிலருந்து ஏறுது ஆன்ட்டி. மோட்டார் போயிட்டு இருக்கு. ஐம்பதத் தாண்டிச்சுன்னா அந்த சாம்பிள நான் நம்ப மாட்டேன். உருகிச்சுன்னா ஆர்.என்.ஏ. துண்டு துண்டா போயிடும். நூத்தி நாப்பத்தி மூணு பேரு உள்ள இருக்காங்க. நெக்ஸ்ட் வீக்தான் சீக்வென்ஸ் பண்ண, அதாவது அத எழுத்தெழுத்தா படிச்சுப் பாக்க, டேட் கிடைச்சிருக்கு. எவ்ளோ வருஷம் வெய்ட் பண்ணேன் தெரியுமா?"

சகாயராணி பழைய பெட்டியின் கதவில் உள்ளங்கையை வைத்தாள். பக்கத்தில் பளபளவென்று புதுப் பெட்டி ஒன்று நின்றது. இடுப்பில் சிவப்பு ரிப்பன். நெற்றியில் பச்சை எழுத்தில் மைனஸ் எண்பது.

"இது ஓடுதே."

"ரெண்டு நாளா ஓடுது."

"உள்ள யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. போட்டோல மைனஸ் எண்பதுன்னு தெரியணும்னு டைரக்டர் சொன்னார். வந்து ஏழு மாசம் ஆச்சு. இன்னிக்கு மூணு மணிக்குத்தான் டெல்லிலருந்து சீஃப் கெஸ்ட் வந்து ரிப்பன் வெட்டறார்."

சகாயராணி இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றில் நூற்று நாற்பத்து மூன்று பேர் வெந்துகொண்டிருந்தார்கள். ஒரு முழம் தள்ளி, ஒன்று காலியாகக் குளிர்ந்துகொண்டிருந்தது. நடுவே ஒன்றரை மீட்டர் சாட்டின் துணி.

"தாராவியில மீன் ஐஸ் இருக்குட்டி. மீன் யாவாரி இசக்கிமுத்துக்கு ஒரு போனப் போட்டா அர மணியில டெம்போவுல வந்துரும்."

"அந்த ஐஸ் பத்தாது ஆன்ட்டி. டிரை ஐஸ் வேணும். அதுக்கு மூணு கம்பெனி கொட்டேஷன் வேணுமாம். ரெண்டு வந்துடுச்சு. மூணாவது கம்பெனிய மூடிட்டாங்க. அந்த கொட்டேஷனுக்குத்தான் வெய்ட்டிங்."

இரண்டே கால் மணிக்குப் பழைய பெட்டி ஓலமிட ஆரம்பித்தது. மைனஸ் அறுபத்தாறு.

ஓலம் கேட்டு நிர்வாக அதிகாரி சங்கரன் ஓடி வந்தார். மாட்டுங்காக்காரர். சட்டைப்பையில் நான்கு நிறப் பேனா.

"என்னம்மா இது, ஃபங்ஷன் டயத்துல சத்தம் போடறது? ஆஃப் பண்ணு."

"பெட்டிய ஆஃப் பண்ணா எல்லாம் போயிடும் சார். சாம்பிளை எல்லாம் புதுசுல மாத்திடறேன். பத்து நிமிஷம் போதும்."

"ரிப்பன் இருக்கே?"

"வெட்டிடலாம் சார்."

"யாரு வெட்டறது? நீயும் நானுமா? சீஃப் கெஸ்ட்தான் வெட்டணும்னு சர்க்குலர் இருக்கோல்லியோ?"

"அவர் எங்க சார்?"

சங்கரன் குரலைத் தாழ்த்தினார். "ஃப்ளைட் ஏர்போர்ட்டுக்கு மேல சுத்திண்டே இருக்காம்."

அவசரநிலைக் குழு கூட்டப்பட்டது. அது நடையிலேயே, முதல் வரிசை நாற்காலிகளில் கூடியது. உறுப்பினர் நால்வர். இயக்குநர் தலைமை. முதல் தீர்மானமாக, அவசரநிலை ஏற்பட்டிருப்பது வருத்தத்துடன் பதிவு செய்யப்பட்டது. அப்போது மைனஸ் அறுபத்து நான்கு. இரண்டாவதாக, சென்ற கூட்டத்தின் குறிப்பு வாசித்து ஏற்கப்பட்டது. மைனஸ் அறுபத்து மூன்று. தேநீர் வந்தது. பாதுகாப்புத் துறை உறுப்பினர், ரிப்பனை வெட்டாமல் அவிழ்க்க முடியுமா என்று கேட்டார். கொள்முதல் துறை உறுப்பினர், அவிழ்ப்பது என்பது திறப்பின் ஒரு வடிவமா என்பதை ஆராயத் துணைக்குழு வேண்டும் என்றார். மைனஸ் அறுபத்தொன்று.

"அய்யா" என்றாள் சகாயராணி. குழு திரும்பிப் பார்த்தது. "உள்ள எங்க வீட்டு ஆளு இருக்காவ."

அந்த வாக்கியத்தைப் பதிவு செய்வதா என்று குழுவுக்குத் தெரியவில்லை.

"இந்த அம்மா யாரு?" என்றார் இயக்குநர்.

சங்கரன் அவளிடம் வந்தார். "பாஸ் எங்கம்மா?"

சகாயராணி முந்தானைக்குள்ளிருந்து அட்டையை எடுத்துக் காட்டினாள். சங்கரன் கண்ணாடியைப் போட்டு ஒருமுறை வாசித்தார். கழற்றித் துடைத்து இன்னொரு முறை வாசித்தார். பிறகு கைப்பேசியில் வருகையாளர் மென்பொருளைத் திறந்தார். முதன்மை விருந்தினர், ஒன்று பத்துக்கு வளாகத்துக்குள் வந்தாயிற்று என்று அதிலும் இருந்தது. முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் சங்கரன் எத்தனையோ நல்ல காரியங்களை விதிப்படி தடுத்திருக்கிறார். ஒரு நல்ல காரியம் விதிப்படியே வந்து எதிரில் நிற்பது இதுதான் முதல் தடவை. அவர் பேனாவை மூடினார்.

"சார், சீஃப் கெஸ்ட் வந்தாச்சு."

"எங்கே?"

"இதோ. சிஸ்டம் சொல்றது."

இயக்குநர் அட்டையைப் பார்த்தார், கைப்பேசியைப் பார்த்தார். சகாயராணியின் பருத்திப் புடவையைப் பார்த்தார். "சிஸ்டத்தில் தவறு இருக்கலாமே?"

"சிஸ்டத்தைத் திறந்து வச்சது நீங்கதான் சார். தவறே வராதுன்னு அன்னைக்கு அரை மணி நேரம் பேசினேள். மினிட்ஸ்ல இருக்கு."

குழு ஒருமனதாக அதை ஏற்றது. ரெபேக்கா கத்தரிக்கோல் தட்டை நோக்கிப் பாய்ந்தாள். சங்கரன் தடுத்தார்.

"நிகழ்ச்சி நிரல்படிதான் போகணும். வரவேற்புரை, விளக்கேத்தறது, அப்புறந்தான் ரிப்பன்."

"சார், அறுபது ஆயிடுச்சு சார்."

"வரவேற்புரையைச் சுருக்கிக்கறேன்" என்று இயக்குநர் பெருந்தன்மையாகச் சொன்னார். நாற்பது நிமிடத்தைப் பன்னிரண்டாகச் சுருக்கிக்கொண்டார்.

ஓலத்துக்கு மேல் குரலை உயர்த்தி அவர் பேசினார். நாற்காலிகள் நிறைந்திருந்தன. சகாயராணி நடுவில், பட்டுத் துணி விரித்த நாற்காலியில், செவ்வந்திப் பூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நண்பர்களே, புரதம் செய்யாத ஆர்.என்.ஏ.வை ஒரு காலத்தில் உலகம் ஏளனம் செய்தது. எதையும் உற்பத்தி செய்யாத இது எதற்கு என்று கேட்டார்கள். இதே கேள்வியை ஒரு பத்திரிகையாளர் நம் நிலையத்தைப் பற்றியும் கேட்டார். இங்கே இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பணிபுரிகிறோம். அதில் சோதனைக் குழாயைத் தொடுகிறவர்கள் பதினொரு பேர். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்றார். நான் சொன்னேன், ஐயா, மற்றவர்கள் ஒழுங்குபடுத்துகிறார்கள். அந்தப் பதினொரு பேரில் யார் பேச வேண்டும், யார் மௌனமாக இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறார்கள்."

கைத்தட்டல். மைனஸ் ஐம்பத்தெட்டு.

"ஒரு துளி புரதம்கூட உண்டாக்காமல் முழு செல்லையும் கட்டி ஆள முடியும் என்பதற்கு எனது ஒன்பது ஆண்டு இயக்குநர் பணியே சான்று. நான் பொறுப்பேற்றபோது நிர்வாகத்தில் நாற்பது பேர்தான் இருந்தார்கள். இன்று இருநூற்றியொன்று. இந்த வளர்ச்சியை எவராலும் தடுத்து நிறுத்த முடியவில்லை."

பெரிய கைத்தட்டல். சகாயராணி ரெபேக்காவின் பக்கம் சாய்ந்தாள்.

"ஏட்டி, கையக் காட்டுதவன் இப்படிப் பெருகிட்டே போனா என்ன ஆவும்னு சொன்ன?"

"அதுதான் ஆன்ட்டி கட்டி."

"எனக்கு இப்பந்தான் சுத்தமா வெளங்குது."

மைனஸ் ஐம்பத்தாறில் உரை முடிந்தது. அடுத்து குத்துவிளக்கு. ஐந்து திரியும் எண்ணெயில் ஊறித் தயாராக இருந்தன. ஏற்றுவதற்கு மெழுகுவர்த்தி இல்லை. ஸ்டோரில் மெழுகுவர்த்தி இருந்தது, ஆனால் ஸ்டோர் அதிகாரி கைத்தட்ட வந்திருந்தார். சாவி மேசையில், மேசை பூட்டிய அறையில். தீக்குச்சியால் நேராக ஏற்றலாமே என்று ரெபேக்கா சொன்னதை, அதற்கு முன்னுதாரணம் இல்லை என்று சொல்லி மறுத்தார்கள்.

சகாயராணி இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை உருவிச் சங்கரனிடம் நீட்டினாள். "என் மெழுவத்தி வாசல்ல கெடக்கு. ரசீது இருக்கு."

சங்கரன் அந்த ரசீதை வாங்கிக்கொண்டு தானே ஓடினார். ஐம்பத்தெட்டு வயதில் இரண்டு மாடி இறங்கி, இரண்டு மாடி ஏறி, மூச்சு வாங்க மெழுகுவர்த்தியோடு வந்து சேர்ந்தபோது மைனஸ் ஐம்பத்து மூன்று. ஃபயர் சேஃப்டியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. முதன்மை விருந்தினரின் நெருப்பு வேறு வகை.

சகாயராணி மெழுகுவர்த்தியைப் பற்றவைத்தாள். ஐந்து திரியையும் ஐந்து நொடியில் ஏற்றினாள். அதைத் தட்டில் நட்டு நிறுத்திவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள். பொன்முலாம் பூசிய, மழுங்கிய கத்தரிக்கோல். இதற்குப் பேரு என்னளா என்று யாரோ காதருகே கேட்டது போலிருந்தது. ரிப்பனைக் கண்ணால் அளந்து ஒரே வெட்டு. போட்டோக்காரர் இன்னொரு தடவை வெட்டச் சொன்னார்.

"ஒருக்க வெட்டுனா வெட்டுனதுதான்" என்றாள்.

பிறகு அந்த நடையில் வெகுநாளாக நடக்காத ஒன்று நடந்தது, வேலை. ரெபேக்கா தடித்த கையுறைகளை மாட்டி, ஒரு ஜோடியை சகாயராணிக்கும் கொடுத்தாள். பழைய பெட்டியிலிருந்து, மாதிரிக் குழாய்கள் அடுக்கிய சின்ன அட்டைப்பெட்டிகள் வெண்புகை விட்டுக்கொண்டு வந்தன. இருநூற்றியொரு பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள். பலருக்கு இந்த நிலையத்துக்குள் என்ன இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. நான்காவது அட்டைப்பெட்டியில் ரெபேக்கா ஒரு நொடி நின்றாள். "ஆன்ட்டி, இத நீங்க எடுங்க."

சகாயராணி அதைக் கையில் வாங்கினாள். மூன்றடி தூரம். இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு. கையுறையைத் தாண்டிக் குளிர் ஏறியது. கடைசியாக அவரைத் தூக்கியது ஆஸ்பத்திரிக் கட்டிலில், புரட்டிப் படுக்க வைக்க. அன்று கொதித்தார்.

"மெதுவா வாரும்" என்று அட்டைப்பெட்டியிடம் சொன்னாள். "வீடு மாத்துதோம்."

கடைசி அட்டைப்பெட்டி உள்ளே போனபோது பழைய பெட்டி மைனஸ் ஐம்பத்தொன்று. ரெபேக்கா புதுக் கதவை மூடி, அதில் நெற்றியை வைத்து நின்றாள். அவள் தோள் குலுங்கியது. சகாயராணி அவள் முதுகில் தட்டினாள். பிறகு மடியிலிருந்து விழுந்திருந்த செவ்வந்தியைப் பொறுக்கி எடுத்துக் கைப்பிடியில் செருகிவிட்டு, எரிந்துகொண்டிருந்த தன் மெழுகுவர்த்தியின் முன்னால் கண்ணை மூடினாள். மூன்று வருடமாக இந்த இடத்தில் ஏற்ற முடியாமல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோன மெழுகுவர்த்தி.

முதன்மை விருந்தினர் கண்ணை மூடி நிற்பதைப் பார்த்து இயக்குநரும் கண்ணை மூடினார். இது நிரலில் எந்த எண் என்று சங்கரனுக்குத் தெரியவில்லை, ஆனாலும் மூடினார். நிலையம் முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு, தாராவி கட்டிங் மாஸ்டர் லாசரின் ஆத்துமத்துக்காக இரண்டு நிமிடம் அசையாமல் நின்றது.

நிரலின் கடைசி வரி விருந்தினர் உரை. ஒலிவாங்கியை நீட்டினார்கள்.

"நான் என்னத்தப் பேச?" என்றாள் சகாயராணி. "எல்லாரும் இவ்வளவு நேரம் சும்மா நின்னிய. நல்லா இருந்துச்சு. அந்தப் பிள்ள வேலை செய்யும்போதும் இதே மாதிரி நில்லுங்க."

கைத்தட்டல் எழுந்தது. பழக்கம்தான்.

அவள் கீழே வந்தபோது வாசலில் நீளமான வெள்ளைக் கார் நின்றது. டெல்லிக்காரர் நகுலின் மேசை முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார். நகுல் பொறுமையாகத் திரையைக் காட்டினார். ஒரு நாளைக்கு ஒரு முதன்மை விருந்தினர்தான், சார். அவங்க உள்ள இருக்காங்க. விற்பனையாளர்னு வேணா போடட்டுமா?

"நான் வெளிய வந்துட்டேன், தம்பி. அவர விடும்" என்று சகாயராணி அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள்.

வெளியே போவதற்கும் படிவம் இருந்தது. நகுல் விசைப்பலகையில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார். "பாக்க வந்தவரப் பாத்தீங்களா ஆன்ட்டி? எஸ்ஸா, நோவா?"

"பாத்துட்டேன். புது வீட்டுல இருக்காவ. மைனஸ் எண்பது." படி இறங்கிவிட்டுத் திரும்பினாள். "ராணி வந்துட்டுப் போனான்னு போட்டுக்கிடும்."

அந்தக் கட்டத்தில் எஸ், நோ இரண்டுக்குத்தான் இடம் இருந்தது. நகுல் எஸ் என்று அழுத்தினார்.